தங்கச்சி கடை நோட்டும் ஏஐ சொன்ன பதிலும்

எனக்குக் கோவில்பட்டியில் மாட்டுத்தீவனக் கடை இருக்கிறது. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, உளுந்துப் பொட்டு, மக்காச்சோளம், இவைதான் சரக்கு. நான் படித்தது பத்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மூட்டை மேல் அடித்திருக்கும் எழுத்துதான். காலையில் கடையைத் திறந்ததும் அம்மன் படத்துக்குப் பூ வைத்து, சூடம் காட்டி, தராசைத் தொட்டுக் கும்பிட்ட பிறகே முதல் மூட்டையைப் பிரிப்பேன். முப்பது வருஷமாக அப்படித்தான். அந்த முப்பது வருஷமும் இப்போது முழங்காலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இது போக, புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் சின்னதாக இன்னொரு கடை உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது என் தங்கச்சி. அவள் வீட்டுக்காரர் கேரளாவில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் எழுந்து நடமாட்டம் இல்லை. அந்த ஊரில் பெண்களுக்கு வேறு பிழைப்பு என்றால், விடியுமுன்னே வரும் மில் வண்டியில் ஏறிப் போய் இருட்டிய பிறகு திரும்ப வேண்டும். படுத்திருக்கிறவரை வைத்துக்கொண்டு அவளால் அது ஆகாது. அதனால் அவள் வீட்டு முன்னறையையே கடையாக்கிக் கொடுத்தேன். அதற்கு முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, அம்மன் காலடியில் போட்டு எடுத்துப் பார்த்தேன். வெள்ளை வந்தது. அம்மன் உத்தரவு கொடுத்த கடை அது.

அந்த ஊரைச் சுற்றி ஆடு வைத்திருப்பவர்கள் அதிகம். தை மாசியில் வெள்ளாமை அறுத்து முடித்தால், அடுத்த மழை வரைக்கும் கரிசல் வெடித்துக் கிடக்கும். குட்டி போட்ட ஆட்டுக்கு மக்காச்சோளமும் புண்ணாக்கும் விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும். செவ்வாயும் சனியும் குட்டியானை வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு நானே போவேன். டிரைவர் வண்டியை ஓட்டுவான், மூட்டையை இறக்க நானும் ஒரு கை கொடுக்க வேண்டும். போன வருஷத்திலிருந்து அந்தப் போக்கு தடுமாற ஆரம்பித்தது. ஒரு செவ்வாய் தவறும். "சனிக்கிழமை சேத்துக் கொண்டாரேன்" என்று போனில் சொல்வேன். அந்தச் சனிக்கிழமை யார் வீட்டிலாவது விசேஷம் வந்துவிடும். தங்கச்சி ஒருநாளும் கோபப்பட்டதில்லை. "சரிண்ணே" என்று வைத்துவிடுவாள்.

என் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வந்தபோது என் போனில் ஏஐ என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள்.

"அப்பா, கடை நோட்டைப் போட்டோ எடுத்து இதுல போடுங்க. எந்தச் சரக்கு எந்த மாசம் ஓடுது, எது தேங்குதுன்னு பிரிச்சுச் சொல்லிரும்."

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதேம்மா."

"ஒண்ணும் தெரிய வேண்டாம். உங்க கடைப் பையனுக்குச் சொல்லுத மாதிரிச் சொல்லுங்க, போதும்."

எனக்குக் கடைப் பையனுக்குச் சொல்வதுபோல வரவில்லை. தாலுகா ஆபீசில் அதிகாரி முன்னால் நிற்பதுபோலத்தான் வந்தது. "ஐயா வணக்கம், நான் கோவில்பட்டியிலிருந்து பேசுகிறேன்" என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிப்பேன். அதுவும் "வணக்கம், சொல்லுங்கள்" என்று எழுதிக் காட்டும். என் கையெழுத்தைப் படம் எடுத்துப் போட்டால் தெளிவாக இல்லை என்றது. மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் ஒவ்வொரு பக்கமாக நானே வாசித்துச் சொன்னேன். இத்தனை மூட்டை தவிடு, இத்தனை மூட்டை பருத்திக்கொட்டை என்று நான் சொல்லச் சொல்ல அது கட்டம் போட்டு அடுக்கிக்கொண்டே வந்தது.

சோறு கொண்டுவந்த என் வீட்டுக்காரி ஒருநாள் நின்று பார்த்தாள்.

"எங்கிட்டப் பேச நாலு வார்த்தை கெடையாது. அதுகிட்ட ஐயா, ஐயாங்குதீங்க."

"அது மதிப்பாப் பேசுது."

"சாம்பார் ஊத்தித் தருமான்னு கேளுங்க."

சாம்பாரை நானே ஊற்றிக்கொண்டேன். ஆனால் போனை விட முடியவில்லை. முப்பது வருஷமாக என் மனசுக்குள் குத்துமதிப்பாகக் கிடந்தது எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடியில் பச்சையும் சிவப்புமாக நிமிர்ந்து நின்றது. ஆடியில் தவிடு ஏன் தேங்குகிறது, கார்த்திகையில் பொட்டு ஏன் பற்றாமல் போகிறது என்று கேட்டால், நான் யோசிக்காத ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொல்லும். அதில் பாதி சரியாகவும் இருந்தது.

பிறகு தங்கச்சி கடை நோட்டையும் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. தோன்றியது என்று எழுதுகிறேன். உண்மை என்னவென்றால், அந்தக் கடையை எடுத்துவிட ஒரு காரணம் கிடைக்காதா என்று என் முழங்கால் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தது. அவளிடம் போய், "நோட்டெல்லாம் அட்டை கிழிஞ்சு கெடக்கு, பைண்டிங் பண்ணித் தாரேன்" என்று சொல்லி மூன்று நோட்டுகளை வாங்கிவந்தேன். அந்தப் பொய்யைச் சொல்லும்போது கொஞ்சம் கூசத்தான் செய்தது.

அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். போட்டோ எடுத்ததும் அப்படியே படித்துக்கொண்டது. நான் கேட்டேன்: "ஐயா, இந்தக் கிளையை வைத்திருக்கலாமா, எடுத்துவிடலாமா?"

பதில் நீளமாக வந்தது. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாட்கள் அந்தக் கடையில் விற்பனையே பதிவாகவில்லை, அப்படிப்பட்ட நாட்கள் போன வருஷத்திலிருந்து கூடிக்கொண்டே போகின்றன, அந்தப் பகுதியில் தேவை குறைந்திருக்கலாம், கிளையை மூடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று இருந்தது. அதற்குக் கீழேயும் ஏதோ எழுதியிருந்தது. நான் அதுவரைக்கும்தான் படித்தேன். போனைக் கீழே வைத்துவிட்டுப் பருத்திக்கொட்டை மூட்டை மேல் சாய்ந்தேன். வெகுநாள் கழித்து இடுப்பு இளகியது போல இருந்தது.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தக் கடையை எடுத்திரலாம்னு இருக்கேன். யாவாரம் இல்லை. கணக்குல தெளிவாத் தெரிஞ்சிட்டு."

"அம்மன்கிட்டப் பூக்கட்டிப் பாத்தீங்களா?"

"இதுக்கு எதுக்குப் பூ? மூணு நோட்டையும் படிச்சிட்டுல்லா சொல்லுது."

"ஆரம்பிக்கும்போது மட்டும் அம்மன் வேணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து நோட்டுகளுக்கு உண்மையாகவே பைண்டிங் போட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். சரக்கு ஏற்றவில்லை. மூடப்போகிற கடைக்கு எதற்குச் சரக்கு என்று நினைத்தேன். கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல் காடு கறுத்துக் கிடந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மழையைப் பற்றிப் பேசினார். நான் என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். "போன்ல எல்லாம் தெளிவாச் சொல்லிட்டும்மா" என்று ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

தங்கச்சி கடையில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே மூலையில் அரை மூட்டைத் தவிடு. வேறு எதுவும் இல்லை. தரை பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, படத்துக்குப் பூ வைத்துச் சுத்தமாக இருந்தது.

"வாண்ணே. வண்டி எங்க?"

"பஸ்ல வந்தேன்."

அவள் என் பின்னால் ரோட்டைப் பார்த்தாள். பிறகு மோர் கொண்டுவந்தாள். உள்ளே கட்டிலிலிருந்து அவள் வீட்டுக்காரர், "யாரு, மச்சானா? சரக்கு வந்திட்டா?" என்று கேட்டார். நான் அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஆட்டுக் கிடை வைத்திருக்கும் கீதாரி ஒருவர் வந்தார். தோளில் துண்டும் கையில் வெறுஞ்சாக்குமாக வாசலில் நின்றார்.

"யக்கா, சோளம் வந்திட்டா?"

"நாளைக்கு வாங்கண்ணே" என்றாள் தங்கச்சி.

"போன வியாழக்கிழமையும் நாளைக்குன்னுதான் சொன்னிய. இவிய யாரு?"

"எங்க அண்ணன். கோவில்பட்டிக் கடை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மொதலாளியா? கும்பிடுதேன் அண்ணாச்சி. ஒண்ணு கேக்கணும். உங்க கடையில சொல்லுத நாளைக்கு எந்தக் கெழமையில வரும்?"

சிரிக்கப் பார்த்தேன்.

"குட்டி போட்ட ஆடு பதினாலு நிக்கி. அதுககிட்டயும் நாளைக்குன்னு சொல்லிப் பாத்தேன். கேக்க மாட்டேங்குதுக" என்று சொல்லிவிட்டுச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்தார். "பந்தல்குடி போயி வாங்கிக்கிடுதேன். பஸ்ஸு உண்டான்னு பாக்கணும். வாரேன் யக்கா."

அவர் போன பிறகு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கிழவி புண்ணாக்கு கேட்டாள். ஒரு பெண் பருத்திக்கொட்டை கேட்டாள். இருவருக்கும் "நாளைக்கு வாங்க" தான். நான் மேசையில் விரித்திருந்த நோட்டை எட்டிப் பார்த்தேன். மேலே பிள்ளையார் சுழி, தேதி, கிழமை. அதற்குக் கீழே வெறுமை.

"ஏட்டி, மூணு பேரு வந்துட்டுப் போனாவளே. ஒண்ணும் எழுதலியே?"

"என்னத்த எழுத? யாவாரம் ஆனாத்தான எழுதணும்."

"சோளம் இல்லன்னு எழுதலாம்லா."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "கடை நோட்டுல இல்லங்கிற வார்த்தை வரக்கூடாதுன்னு நீதானண்ணே சொன்ன. கடை தொறந்த அன்னைக்கு, இதே எடத்துல உக்காந்து சொன்ன. வாயாலயும் சொல்லக்கூடாது, நாளைக்கு வாங்கன்னு சொல்லணும், எழுத்துல கொண்டாரவே கூடாது, லச்சுமி நிக்க மாட்டான்னு சொன்ன."

சொன்னேன்தான். எங்கள் கடைத் தெருவில் எல்லோரும் அப்படித்தான். ஆனால் என் கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கி இருக்கிறது. எனக்கு இல்லை என்று சொல்ல வேண்டிய நாளே வந்ததில்லை. அவளுக்கு வாரத்தில் மூன்று நாள் வந்திருக்கிறது. அத்தனை நாளும் காலையில் குளித்துப் பூ வைத்து, பிள்ளையார் சுழி போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லி, வெறும் பக்கத்தை மூடி வைத்திருக்கிறாள். நான் அந்த வெறும் பக்கங்களைப் போட்டோ எடுத்து, இந்த ஊரில் ஆளே வரவில்லை என்று ஒரு பதிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அப்போதாவது எழுந்து வந்திருக்கலாம். தயார் பண்ணிய வார்த்தை வாயில் நின்றுகொண்டிருந்தது. சொல்லிவிட்டேன்.

"இல்லம்மா, இந்தக் கடை வேண்டாம், எடுத்திரலாம்னு போன்ல ஒரு இது சொல்லுது. உன் நோட்டைப் போட்டுப் பாத்தேன்."

"பைண்டிங்குன்னு வாங்கிட்டுப் போனது இதுக்கா?"

"பைண்டிங்கும் போட்டிருக்கேன்" என்று பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். இப்போது நினைத்தாலும் அந்தப் பதிலுக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் சத்தம் போடவில்லை. தராசுத் தட்டை மறுபடி துடைத்தாள். உள்ளே கேட்டுவிடக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கடை உன் கடை. எடுத்துக்க. நான் மில்லுக்குப் போறேன், இல்ல போகாம கெடக்கேன், அது என் பாடு. ஆனா ஆளு வரலைன்னு மட்டும் சொல்லாத. தெனமும் வருதாவ. அவிய மொகத்தப் பாத்து நாளைக்குன்னு சொல்லுதது நான். உனக்கு முடியலன்னா முடியலன்னு சொல்லு. அதைச் சொல்லுததுக்கு எதுக்கு ஒரு போனு?"

மதியம் சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று நினைவில்லை. ஒரு முடிவும் சொல்லாமல் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பழைய பதிலை முதலிலிருந்து மறுபடி படித்தேன். நான் படிக்காமல் விட்ட இடத்தில் இப்படி இருந்தது: பதிவு இல்லாத நாட்களில் கடையில் சரக்கு இருந்ததா, கடை திறந்திருந்ததா என்பதை நீங்கள் உறுதிசெய்ய வேண்டும், அது தெரியாமல் முடிவு எடுக்க வேண்டாம். அது கேட்கத்தான் செய்திருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவன் மூட்டையில் சாய்ந்துகொண்டான்.

வண்டி போன நாட்களை நான் எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. டிரைவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவன் டீசல் போட்ட சீட்டுகளை வைத்துப் பார்த்துச் சொன்னான். அவன் சொன்ன நாட்களை மறுநாள் மத்தியானம் போனிடம் சொன்னேன். "ஐயா, நான் சரக்குக் கொண்டுபோகாத நாட்கள்தான் அந்த வெறும் நாட்கள். அன்றைக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். நாங்கள் இல்லை என்று எழுதுவதில்லை" என்றேன். உடனே அது, முக்கியமான தகவலைச் சொன்னதற்கு நன்றி என்றது. கட்டங்களை மாற்றிப் போட்டது. சரக்கு இருந்த நாட்களில் மட்டும் பார்த்தால் அந்தச் சின்னக் கடையில் மக்காச்சோளம் என் கடையைவிட வேகமாகப் போகிறது, வாரம் இரண்டு தடவை தவறாமல் சரக்கு அனுப்பினால் கடை நன்றாக நடக்கும் என்றது.

முதலில் மூடலாம் என்ற அதே மரியாதையான குரலில் இப்போது நடத்தலாம் என்றது. அதற்கு முழங்கால் கிடையாது. வாரம் இரண்டு தடவை என்று எழுதிவிட்டு அடுத்து என்ன உதவி வேண்டும் என்று கேட்டது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது கேட்டதற்குப் பதில் சொல்கிறது. நான்தான் கேட்க வேண்டியதை ஆள் மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். பூக் கட்டிக்கொண்டு போகவில்லை. வீட்டுக்காரி கேட்டதற்கு, "இதுல அம்மனை இழுக்கக்கூடாது" என்றேன். கூட்டமாக இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. தாயே, எனக்கு அலுத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அதை நான் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரியிடம்கூட முழங்கால் என்றுதான் சொல்வேனே தவிர, அலுப்பு என்று சொன்னதில்லை. சொன்னதும் எனக்கே அது பெரிதாகக் கேட்டது.

வெளிப்பிரகாரத்தில் உட்கார்ந்து தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"என்னால முடியலம்மா" என்றேன். "மூட்டை எறக்க முடியல. வண்டியில அவ்வளவு தூரம் உக்கார முடியல. யாவாரம் எல்லாம் இருக்கு. நான்தான் வரல. அதை மறைச்சு உன் மேல போடப் பாத்தேன்."

"இதை ஆறு மாசத்துக்கு முந்திச் சொல்லியிருந்தா நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னிருப்பேன்?" என்றாள். "எங்கூர்ல ஒரு அண்ணன் செவ்வாயும் சனியும் கோவில்பட்டிக்குக் கரிமூட்டை ஏத்திட்டு வருதாவ. திரும்புகால்ல வண்டி வெறும் வண்டியாத்தான் வருது. அதுல நானே வந்து ஏத்திக்கிடுதேன். இங்கன எறக்க அவிய வீட்டுப் பயலுவ இருக்கானுவ."

"நீயா? மச்சானை யாரு பாப்பா?"

"அரை நாளுதான. பக்கத்து வீட்டு மைனி பாத்துக்கிடும். மில்லுக்குப் போனா முழு நாளுல்லா."

அடுத்த செவ்வாய் பதினோரு மணிக்கு அந்த வண்டி என் கடை முன்னால் வந்து நின்றது. தங்கச்சி முன் சீட்டிலிருந்து இறங்கினாள். இந்தக் கடைக்கு அவள் வந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. அம்மன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நேராகக் கிட்டங்கிக்குள் போனாள். ஒவ்வொரு மூட்டையாகத் தட்டிப் பார்த்தாள். ஒரு சோள மூட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

"இதுல வண்டு இருக்கு. இதைத்தான் இத்தனை நாளா எனக்குத் தள்ளிவிட்டியா?"

"அடி மூட்டை அது. தெரியாது."

"வேற போடு."

வேறு போட்டேன். ஏற்றுகிற ஆட்கள் பக்கத்தில் நின்று அவளே எண்ணிக்கொண்டாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா, டீ சொல்லுதேன்" என்றேன். வீட்டுக்காரி அவளுக்காகக் காலையிலேயே ஆக்கி அனுப்பிய சோறு தூக்குச்சட்டியில் இருந்தது.

"எங்க உக்கார? அங்கன ரெண்டு மணிக்கு ஆளு வந்து நிக்கும். வாங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள். தூக்குச்சட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு ஏறினாள். வண்டி பஸ் நிலையத்துப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

முன்னெல்லாம் செவ்வாயும் சனியும் அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, மச்சானிடம் நாலு பேச்சு பேசிவிட்டு வருவேன். இனிமேல் அவளைப் பார்ப்பது இந்த மூட்டை ஏற்றுகிற நேரம்தான். ஸ்டூல் போட்டபடியே கிடந்தது. நானே அதில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டேன்.